பாட்டியின் குரலை மீட்டுத் தந்த சின்னப் பெட்டி!

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. அந்த வீட்டில் 80 வயதுப் பாட்டி ஒருவர். அவருக்கு இசைப் பித்துக் கொண்ட ஒரு பேரன்.

இது கற்பனைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதை.

பாரிஸ் நகரத்தில் இருக்கும் சித்தப்பாவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கொள்ளுப் பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சப் பாட்டியால் பாரிசுக்குப் போக முடியாது. தாலாட்டுப் பாட முடியும் அல்லவா?

"ஆயா, நீ பாடு. நான் பதிவு பண்ணி அனுப்புறேன்" என்றான் பேரன்.

பாட்டி பாடினார். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் ஒரு சொல்கூடத் தவறவில்லை. பேரன் கம்ப்யூட்டரில் பதிவு செய்தான். அடியில் கீபோர்டு சேர்த்தான். மெதுவாகத் தபேலா சேர்த்தான். கனமான பேஸ் ஒலியும் சேர்த்தான்.

ஹெட்போனில் கேட்டான். அடடா! சினிமாப் பாட்டுப் போலவே இருந்தது. உடனே பாரிசுக்கு அனுப்பினான்.

மறுநாள் சித்தப்பா போனில் பேசினார்.

"மியூசிக் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஆயா என்ன பாடுறாங்கன்னே புரியலையே!"

பேரன் திடுக்கிட்டான். பாட்டியின் குரல் எங்கே போயிற்று?

கடல் கடந்த காதுகள்

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வேடிக்கைக் கதை அல்ல. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றவர்கள் அதை வைத்துக்கொள்ள அப்போது வழி செய்யப்பட்டது.

அதனால்தான் இன்றும் புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் பிரான்சிலே!

இங்கே பாடுகிற பாட்டு அங்கே போகிறது. எதில் கேட்கிறார்கள்? பெரும்பாலும் கையில் இருக்கும் செல்போனில்தான். பாட்டு வெளியே வரும் இடமோ ஒரு சிறு துளை.

அந்தத் துளைக்குள் பாட்டியின் குரல் சிக்கிக்கொண்டது!

மிக்ஸிங் என்றால் என்ன?

குரல் ஒரு பதிவு. கீபோர்டு ஒரு பதிவு. தபேலா ஒரு பதிவு. இவற்றை எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு பார்த்துக் கலப்பதுதான் மிக்ஸிங்.

சமையலைப் போலத்தான் இதுவும். உப்பு, புளி, காரம் எல்லாம் அளவாக இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் மற்றது தெரியாது.

சமைத்தவர் தம் நாக்கை மட்டும் நம்பலாமா? இன்னொருவர் ருசி பார்த்துச் சொன்னால் நல்லது. மிக்ஸிங்கிலும் அப்படியே. முதலில் கேட்கும் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் ஒரு நாக்கு. இரண்டாவது நாக்கு ஒன்று வேண்டும்.

அந்த இரண்டாவது நாக்குத்தான் விலை குறைந்த சின்ன ஸ்பீக்கர்!

காரணம் என்ன?

ஒலி என்பது அதிர்வு. விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20 ஆயிரம் அதிர்வு வரை மனிதக் காதுக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும்.

பேஸ் கிதாரின் தடித்த தந்தி விநாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. செல்போனில் இருக்கும் ஸ்பீக்கர் விரல் நகம் அளவுதான். அவ்வளவு மெதுவான அதிர்வைக் காற்றில் எழுப்ப அதற்கு வலு இல்லை. ஆகவே பேரன் சேர்த்த பேஸ் ஒலி போனில் காணாமல் போயிற்று.

அது போனால் போகட்டும். குரல் ஏன் போயிற்று?

ஹெட்போனில் கீபோர்டு இடது காதிலும் வலது காதிலும் விரிந்து நின்றது. பாட்டியின் குரல் நடுவில் தனியாக நின்றது. மூவருக்கும் மூன்று நாற்காலி போட்டதுபோல இடம் இருந்தது.

போனில் கேட்டபோது நாற்காலி ஒன்றாகிவிட்டது! கீபோர்டும் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. இரண்டும் பெரும்பாலும் ஒரே நடுத்தர ஒலிகளில் இருப்பவை. பலமான கீபோர்டு, மெலிந்த பாட்டியின் குரலை மூடிவிட்டது.

ஹெட்போன் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் கனசதுரப் பெட்டி

இந்தச் சங்கடம் பெரிய பெரிய ஒலிப்பதிவு நிபுணர்களுக்கும் வந்ததுதான். அவர்கள் கண்டுபிடித்த வழி வெகு எளிமையானது.

அமெரிக்காவில் ஜாக் வில்சன் என்பவர் 1958-ல் ஆராடோன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் 5சி என்ற ஸ்பீக்கர், சிறிய கனசதுர மரப் பெட்டி. ஒரு பக்கம் சுமார் ஆறரை அங்குலம். உள்ளே ஒரே ஒரு சிறிய ஒலிக்கூம்பு. பெரிய பேஸ் கிடையாது. மினுக்கும் கிடையாது. கார் ரேடியோவும் வீட்டு டெலிவிஷனும் எப்படிக் கேட்குமோ, ஏறக்குறைய அப்படிக் கேட்கும்.

லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய ஸ்டுடியோக்களில், பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் இந்தச் சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது! 1970-களிலும் 1980-களிலும் உலகம் முழுவதும் இதைப் பார்க்கலாம்.

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' இசைத்தொகுப்பு 1982-ல் வெளிவந்தது. உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டு என்று பெயர் பெற்றது. அதைப் பதிவு செய்து கலந்தவர் புரூஸ் ஸ்வீடியன். அவரும் இந்தக் கனசதுரப் பெட்டியை விடாமல் பயன்படுத்தியவர்தான்.

அதற்கும் முன்னால், டெட்ராய்ட் நகரத்தில் 1959-ல் தொடங்கிய மோடவுன் கம்பெனியார், காரில் இருப்பது போன்ற சிறிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். இளைஞர்கள் பாட்டுக் கேட்பது கார் ரேடியோவில் அல்லவா? அங்கே நன்றாகக் கேட்காத பாட்டு விற்குமா?

வெள்ளைக் கூம்பின் கதை

ஜப்பான் நாட்டின் யமஹா கம்பெனி 1978-ல் என்.எஸ்.10 என்ற ஸ்பீக்கரை வெளியிட்டது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்த பெட்டி அது. வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. "குத்துகிறது" என்றார்கள்.

ஆனால் ஒலிப்பதிவுக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது! காரணம், பாட்டில் உள்ள குறையை அது மறைக்கவில்லை. பாப் கிளியர்மவுண்டன் போன்ற அமெரிக்க நிபுணர்கள் அதைப் பயன்படுத்த, மற்றவர்களும் வாங்கினார்கள். மேல்பக்க ஒலி காதைக் குத்தாமல் இருக்க, மேல் ஒலி தரும் சிறிய டுவீட்டரின் முன்னே மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டிக்கொண்டார்கள்!

அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் எத்தனையோ ஸ்டுடியோக்களில் இடம் பிடித்தது. 2001-ல் யமஹா அதைத் தயாரிப்பதை நிறுத்தியது.

"இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும்." இது ஸ்டுடியோக்களில் வழங்கிவந்த பேச்சு.

நாமும் அப்படித்தான் கேட்டோம்

நம் ஊர்க் கதையும் இதுவே. புதுச்சேரி வானொலி நிலையம் 1967-ல் தொடங்கியது. அதற்கு முன் 1938-ல் தொடங்கிய சென்னை நிலையமும் 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையமும் தமிழ்நாட்டில் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன.

கேட்டது எதில்? பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள ரேடியோப் பெட்டியில். பிறகு கையடக்க டிரான்சிஸ்டரில். டீக்கடையில் ஒலித்ததும் ஒரே பெட்டிதான்.

அதில் சொல் புரிந்தது. ராகம் புரிந்தது. தாளம் புரிந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது!

பாட்டின் உயிர் நடுத்தர ஒலியில் இருக்கிறது. அங்கேதான் மனிதக் குரல் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கருக்குத் தெரிந்ததும் அந்த நடு ஒலிதான். அதனால்தான் குரலைப் பற்றி அது சொல்லும் சாட்சியம் நம்பத்தக்கது.

எந்தப் பெட்டி வாங்கலாம்?

இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கு விற்கும் சாதாரண ஸ்பீக்கர் போதும். வீட்டில் பழைய டேப் ரிகார்டரின் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அதுவும் ஆகும். ஆனால் அதற்கு ஒரு சிறிய ஆம்பிளிபயர் வேண்டும்.

புதுச்சேரியில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைப் பக்கம் போய்ப் பார்க்கலாம். பழைய பெட்டி வாங்குவதானால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

கூம்பின் காகிதம் கிழிந்திருக்கக் கூடாது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு பொடிந்திருக்கக் கூடாது. பாட்டுப் போட்டால் "டர்ர்" என்ற சத்தம் வரக் கூடாது.

பேச்சுக் குரலைப் போட்டுப் பாருங்கள். பேசுகிறவர் எதிரே நின்று பேசுவதுபோல இருந்தால் அது நல்ல பெட்டி.

பேஸ் ஒலியைத் தூக்கிக் காட்டும் பெட்டி இந்த வேலைக்கு வேண்டாம். அது நம்மை மயக்கும். ஒயர் இல்லாத புளூடூத் பெட்டியில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். ஆகவே ஒயர் போட்ட பெட்டியே நல்லது.

பழைய வால்வு ரேடியோவை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கும்.

ஒரே பெட்டி, ஒரே ஒலி

சின்ன ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒரு பெட்டியை மட்டும் வைத்துக் கேளுங்கள். பாட்டை 'மோனோ' ஆக்கிவிட்டுக் கேளுங்கள். மோனோ என்றால் இடது, வலது என்ற பிரிவு இல்லாமல் எல்லாம் ஒன்றாவது. பாட்டுக் கலக்கும் மென்பொருள்களில் இதற்கு ஒரு பொத்தான் இருக்கும்.

ஜாக்கிரதை! மோனோ ஆக்காமல் ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் பிடுங்கினால் பாட்டில் பாதி போய்விடும்.

மோனோவில் ஓர் அதிசயம் நடக்கும். சில வாத்தியங்கள் மெலிந்துபோகும். சில மறைந்தே போகும்!

ஏன்? ஊஞ்சலை ஒருவர் தள்ளுகிறார். அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்று இன்னொருவரும் தள்ளுகிறார். ஊஞ்சல் அசையுமா? அதுபோல இடது ஒலியும் வலது ஒலியும் எதிர் எதிராக அதிர்ந்தால், ஒன்று சேரும்போது இரண்டும் அழிந்துபோகும்.

கீபோர்டில் "அகலமாக" கேட்கும் ஒலிகளில் இந்த ஆபத்து உண்டு. ஹெட்போனில் அது தெரியாது. ஒற்றைப் பெட்டியில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் உங்கள் நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ பாட்டைக் கலந்து முடியுங்கள். பிறகு சின்னப் பெட்டிக்கு மாறுங்கள்.

சத்தத்தைக் குறையுங்கள். இருவர் சாதாரணமாகப் பேசும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். அதிகச் சத்தத்தில் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-லேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். சத்தம் குறையும்போது கனமான ஒலிகள் காதுக்கு அதிகமாக மங்குகின்றன. நடுத்தர ஒலிகள் அந்த அளவுக்கு மங்குவதில்லை.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா?

தாளம் விடாமல் கேட்கிறதா?

ஏதாவது ஒரு வாத்தியம் மட்டும் முன்னே வந்து முட்டுகிறதா?

ஏதாவது காணாமல் போயிற்றா?

பிறகு எழுந்து அடுத்த அறைக்குப் போங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு அங்கிருந்து கேளுங்கள். அப்போதும் குரல் முன்னே நின்றால் பாதி வெற்றி!

நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பழைய பாட்டையும் அதே பெட்டியில், அதே சத்த அளவில் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் குறை எங்கே என்று தெரியும். காது களைத்துப்போனால் வேலையை நிறுத்துங்கள். கடற்கரைச் சாலையில் சற்று நடந்துவிட்டு வந்து மறுபடி கேளுங்கள்.

சின்னப் பெட்டியிடம் கேட்கக் கூடாதது

சின்னப் பெட்டி நல்ல சாட்சி. ஆனால் நீதிபதி அல்ல!

அதற்குப் பேஸ் ஒலி தெரியாது. "பேஸ் கேட்கவில்லையே" என்று சின்னப் பெட்டியைக் கேட்டபடியே பேஸைத் தூக்கிவிடாதீர்கள். பிறகு கல்யாண மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும்!

பேஸ் எவ்வளவு என்பதை நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோதான் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் போனில் பேஸ் கேட்கவே கேட்காதா? கேட்க வைக்க ஒரு தந்திரம் உண்டு. 41 அதிர்வுள்ள தந்தியோடு 82, 123 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. இன்னும் மேலேயும் மடங்குகள் உண்டு. அந்த மேல் மடங்குகள் காதில் விழுந்தால் போதும். அடி ஒலி இல்லாவிட்டாலும், இருப்பதாக மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும்! மென்பொருளில் உள்ள 'சாச்சுரேஷன்' என்ற கருவி அந்த மடங்குகளைக் கூட்டித் தரும். அளவோடு சேர்க்க வேண்டும்.

அறையும் ஒரு வாத்தியம்

"பெரிய விலைக்கு ஸ்பீக்கர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

உயர்ந்த கூரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர். புதுச்சேரியின் பழைய வீடுகளுக்கு இதுதான் அழகு. ஆனால் பாட்டுக் கலக்க இதுவே தொல்லை. ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலி திரும்பி வரும்.

அந்த எதிரொலி உங்கள் விலை உயர்ந்த ஸ்பீக்கரையும் கெடுத்துவிடும். முதலில் அறையைச் சரி செய்யுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவர் ஓரம் நிறுத்துங்கள். கனமான திரை போடுங்கள். புத்தக அலமாரியும் உதவும். ஸ்பீக்கரை மூலையில் திணிக்காதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் ஒலி பொய்யாகப் பெருகும்.

சின்ன ஸ்பீக்கருக்கு இதிலும் ஒரு வசதி. அதை அருகில் வைத்து, குறைந்த சத்தத்தில் கேட்கிறோம். பேஸும் அதில் அதிகம் இல்லை. ஆகவே அறையின் தொல்லை குறைவு.

வீட்டுப் பாட்டு வெகுதூரம் போகும்

"வீட்டில் செய்கிற பாட்டுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்காதீர்கள்.

ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தம் வீட்டோடு சேர்த்து அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இளமையில் உழைத்தார். 1992-ல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அவருக்கு முதல் தேசிய விருதை வாங்கித் தந்தது.

அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற பெண்ணும் அவருடைய அண்ணன் பினியாசும் வீட்டுப் படுக்கை அறையில் பதிவு செய்த பாட்டுகள், 2020 ஜனவரியில் அந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றன.

வீடு சிறியதாக இருக்கலாம். கருவிகள் குறைவாக இருக்கலாம். பொறுமையோடு கேட்கும் காது இருந்தால் போதும்.

மறுபடி முத்தியால்பேட்டைக்கு

பேரன் என்ன செய்தான்?

பாட்டியை மறுபடி பாடச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் பாட்டிக்கு இருமல் வந்துவிட்டது. முதல் நாள் போலப் பாட முடியவில்லை.

நல்ல வேளை! குரல் மட்டும் உள்ள முதல் பதிவை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். இதை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும். மூலப் பதிவைத் தனியாக இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். மிக்ஸிங் தவறினால் திருத்தலாம். குரலே போய்விட்டால் திரும்ப வருமா?

பரண் மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துத் துடைத்தான். பாட்டை மோனோ ஆக்கினான். சத்தத்தைக் குறைத்தான். கேட்டான்.

சித்தப்பா சொன்னது உண்மைதான்! கீபோர்டு குரலை விழுங்கிக் கொண்டிருந்தது.

கீபோர்டின் சத்தத்தைக் குறைத்தான். குரல் இருக்கும் நடு ஒலிகளில் கீபோர்டை இன்னும் கொஞ்சம் ஒதுக்கினான். தபேலாவைப் பின்னால் தள்ளினான். சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு ஹெட்போனுக்கு மாறிக் கேட்டான். அங்கும் அழகு கெடவில்லை. கடைசியாகத் தன் போனிலும் போட்டுப் பார்த்தான்.

சமையல்கட்டில் இருந்து பாட்டி எட்டிப் பார்த்தார்.

"அட, இப்பத்தான்டா நான் பாடுறது எனக்கே கேக்குது!"

பாட்டு மறுபடி பாரிசுக்குப் போயிற்று. அன்று இரவு சித்தப்பா போனில் அதிகம் பேசவில்லை.

"குழந்தை தூங்கிட்டா தம்பி. மெதுவா பேசு" என்றார்.

பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஸ்பீக்கரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டியின் குரல் அதற்காகக் காத்திருக்கலாம்!